டாக்டருக்கு எதுக்கு இன்ஜினியரிங்?

அரசு மருத்துவமனை ஓபி-க்குப் போனவங்களுக்குத் தெரியும்: டாக்டர் பார்ப்பது சில நிமிஷம், மீதி எல்லாம் சீட்டு, லேப், மருந்து வரிசை. ஒரு வேலை யார் யார் கை மாறுது, எங்கே தேங்குது, எங்கே தவறுதுன்னு பார்த்து மாற்றி அமைப்பதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதைப் பல வருஷமா செய்யுது. ஒரு டாக்டருக்கு இரண்டு ஆபரேஷன் மேஜை. ஒன்றில் கண்புரை அறுவை சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி ரெடி. பார்வைப் பரிசோதனை போன்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் பார்த்துக்கிறாங்க. அங்கே இலவச சிகிச்சைக்கும் கட்டுப்படியாவதற்கு டாக்டர் நேரம் வீணாகாததும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் கார்ல் இல்லினாய் மருத்துவக் கல்லூரி 2018-லிருந்து மருத்துவத்தையும் இன்ஜினியரிங்கையும் சேர்த்தே கற்பிக்குது. இங்கே 2019 எம்பிபிஎஸ் பாடத்திட்டம், படித்து வருபவர் ‘மருத்துவ அமைப்பின் தலைவராகவும் உறுப்பினராகவும்’ இருக்கணும்னு சொல்லுது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரத்த சாம்பிளோடு வார்டுக்கும் லேபுக்கும் ஓடும் ஹவுஸ் சர்ஜனுக்கு, வேலை எங்கே சிக்குதுன்னு ஏற்கனவே தெரியும். அந்த ஓட்டத்தையே வரைபடமாக்கி, ஒரு தடங்கலையாவது சரிசெய்யச் சொல்லி மார்க் போடலாம். அதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ வேண்டாம்; மாணவர் சொல்றதைக் கேட்கிற துறைத் தலைவர் வேணும்.