மாற்றப்பட வேண்டியவர் யார்?

தான் தொழில் பார்க்கும் இடத்தில் மேலதிகாரியின் பாலியல் தொந்தரவுக்கு ஆளான பெண்ணொருத்தி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இறுதியில் எழுத்தில் முறையிடுகிறாள். சில கிழமைகள் செல்கின்றன. பின்னர் அவள் கைக்கு ஒரு கடிதம் வந்து சேர்கிறது. அதில் வசை இல்லை, மிரட்டல் இல்லை, அவளுடைய முறைப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'சேவையின் தேவை கருதி' அவள் வேறோரிடத்துக்கு மாற்றப்படுகிறாள் என்ற செய்தி மட்டும் நான்கு வரிகளில் இருக்கிறது. தொந்தரவு செய்தவர் தம் நாற்காலியிலேயே வீற்றிருக்கிறார். தொந்தரவுக்குள்ளானவள் பெட்டி கட்டுகிறாள். இந்த நான்கு வரிக் கடிதத்தைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

இங்கே நிகழ்ந்தவை இரண்டு குற்றங்கள். முதலாவதை ஒருவர் மறைவில் செய்தார். இரண்டாவதை ஒரு நிறுவனம் பட்டப்பகலில், கோவை இலக்கமிட்டு, முத்திரை குத்திச் செய்தது. முதற் குற்றத்தைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர், கருத்தரங்குகளும் நடக்கின்றன. இரண்டாவது குற்றத்தையோ 'நிர்வாக நடவடிக்கை' என்று சொல்லி எல்லோரும் விலகிக்கொள்கின்றனர். ஆனால் முதற் குற்றத்தைத் தொடர்ந்து உயிருடன் வைத்திருப்பது இந்த இரண்டாவது குற்றமே என்பது நமது துணிபு.

'நம் பெண்கள் நாணம் மிக்கவர்கள். ஆதலால் இவற்றை வெளியில் சொல்வதில்லை' என்று கூறுவோர் யாழ்ப்பாணத்தில் நிறைய உளர். இதைப் பண்பாட்டுப் பெருமையாகவே சொல்கிறார்கள். இது பொய்ப் பெருமை. வீட்டில் மூத்த பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்: "பிள்ளை, உதைப் பெரிசாக்காதை. அவையள் பெரிய ஆக்கள். உன்ரை வேலை போனால் ஆர் தாறது? தங்கச்சியின்ரை கலியாணத்தையும் யோசிச்சுப் பார்." இப்பேச்சில் நாணம் எங்கே இருக்கிறது? சம்பளத்தைப் பற்றிய அச்சம் இருக்கிறது. ஊர் வாயைப் பற்றிய அச்சம் இருக்கிறது. அதிகாரம் யார் பக்கம் என்ற தெளிந்த அறிவும் இருக்கிறது. போர் தின்ற குடும்பங்களில், ஒரு பெண்ணின் உழைப்பை நம்பி நான்கைந்து வயிறுகள் காத்திருக்கும் வீடுகளில், மௌனம் என்பது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. அந்தக் கணக்கை மாற்றாமல் 'பெண்களே, துணிந்து பேசுங்கள்' என்று மேடையில் முழங்குவது, நீந்தத் தெரியாதவரை ஆழத்தில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுவதற்கு ஒப்பாகும்.

நம் கல்வித்துறையையே எடுத்துக்கொள்வோம். நிரந்தர நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தொண்டராசிரியைகளை வடக்கு நன்கறியும். அத்தகையவர்களின் சேவையை உறுதிப்படுத்துவது அதிபரின் கையொப்பம். நிரந்தர ஆசிரியையின் சம்பள ஏற்றத்துக்கும், விடுமுறைக்கும், இடமாற்ற விண்ணப்பத்துக்கும் மேலே உள்ளவரின் சிபாரிசு வேண்டும். ஒருவரின் பேனா முனையில் இன்னொருவரின் சோறு தொங்கும் இடத்தில், 'அவள் ஏன் உடனே எதிர்க்கவில்லை?' என்று கேட்பது அறியாமை. அறிந்துகொண்டே கேட்பது கயமை.

தண்டனை இடமாற்றம் என்றவுடன் நம்மவர் வாயில் வரும் பெயர் நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரு மணி நேரம் படகில் செல்ல வேண்டிய அத்தீவும், வன்னியின் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளும் அதிகாரிகளின் வாயில் சிறைச்சாலைகளின் பெயர்களைப் போல் ஒலிக்கின்றன. இதில் அவமதிக்கப்படுவது அந்த ஆசிரியை மட்டுமன்று. நல்ல ஆசிரியர் நெடுந்தீவுக்குப் போவது அப்பிள்ளைகளின் உரிமை. அவர்களுடைய வகுப்பறையைத் தண்டனைக் கூடமாக எண்ணும் நிர்வாகம், முறையிட்ட பெண்ணையும் தீவகத்துப் பிள்ளைகளையும் ஒரே கடிதத்தால் இழிவுபடுத்துகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், இலங்கைத் தண்டனைக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ்ப் பாலியல் தொந்தரவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். தொழில் செய்யுமிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ விரும்பத்தகாத பாலியல் அணுகலைச் செய்வதும் குற்றமே என்று அப்பிரிவு விளக்குகிறது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. ஆயினும் 345ஆம் பிரிவு குற்றவாளியின் தண்டனையைப் பற்றியே பேசுகிறது. முறையிட்டவளின் இடமாற்றக் கடிதத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

அரசாங்க ஊழியருக்கு வேறொரு வழி உண்டு. நிர்வாகத்தின் செயலால் சமத்துவ உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். மனோஹரி பெலக்கெட்டிய என்ற ஆசிரியை அவ்வாறே 2012ஆம் ஆண்டின் 76ஆம் இலக்க மனுவில் கல்வி அமைச்சின் செயலாளரையே எதிராளியாக்கினார். 2016 செப்டெம்பரில் வந்த தீர்ப்பு, பணியிடப் பாலியல் தொந்தரவை அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையோடு, அதாவது சட்டத்தின் முன் சமத்துவத்தோடு, சேர்த்துப் பார்த்தது. நம் சக ஆசிரியை ஒருவர் பெற்ற இவ்வெற்றி நம் ஆசிரியர் அறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. அம்மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. இவ்வளவு சிறிய செய்தியை ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமையால் எத்தனை உரிமைகள் காலங்கடந்து கருகியிருக்கும்!

நகரத்துப் புடைவைக் கடையிலும் தனியார் கந்தோரிலும் நிற்கும் பெண்ணுக்கு இவ்வழியும் இல்லை. அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராகவே செல்லும். அவளை இடமாற்றத் தேவையில்லை. 'நாளையிலிருந்து வரவேண்டாம்' என்ற இரண்டு சொற்கள் போதும். ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குச் செல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அங்கே அவள் தொழிலாளி என்பதை எதைக் காட்டி நிறுவுவாள்? கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. அச்சட்டம் கேட்கும் நியமனக் கடிதம் கையில் இல்லாமலே, காலை முதல் இரவு வரை கால் கடுக்க நிற்கும் பிள்ளைகளை நாம் அன்றாடம் காண்கிறோம்.

பதவியும் படிப்பும் இருந்தால் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடும் என்று நம்புவோர் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2021 பெப்ரவரியில், மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலிருந்த பெண் அதிகாரி ஒருவர், சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது முறையிடச் சென்னைக்குப் புறப்பட்டார். செங்கல்பட்டுக்கு அருகில் அவருடைய காரைப் பொலிஸாரே வழிமறித்தனர். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2024இல் அங்குள்ள மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. வழிமறித்த அதிகாரிக்கு விதிக்கப்பட்டது 500 ரூபா அபராதம்! முறையிடச் செல்லும் பெண்ணின் பாதையை மறிப்பதற்கு நம் சமுதாயம் குறித்த விலை அவ்வளவுதான். துப்பாக்கியும் படையும் உடைய ஒருவரின் வழியே மறிக்கப்படுமானால், ஒரு பாடசாலை ஆசிரியையின் வழி எம்மட்டு?

எனினும் அதே தமிழ்நாடு நமக்கு நம்பிக்கையும் தருகிறது. 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த ஜெயஸ்ரீ என்ற இளம் தலித் தொழிலாளி கொலையுண்டார். அவரைத் தொந்தரவு செய்துவந்தார் எனக் குடும்பத்தினர் கூறிய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்களே முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் அழுகையோடு நின்றுவிடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு கைகோத்து, 2022 ஏப்ரலில் அந்நிறுவனத்தோடு 'திண்டுக்கல் உடன்பாடு' கண்டது. ஆடையை வாங்கும் எச் அண்ட் எம் போன்ற பெருநிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. தையல் வரிசைகளிலேயே தொழிலாளப் பெண்கள் கண்காணிப்பாளராயினர். முறையிட்டவரைப் பழிவாங்குதல் தடைசெய்யப்பட்டது. உடன்பாட்டை மீறினால் நிறுவனம் வியாபாரத்தை இழக்க நேரிடும் என்ற நிலை உருவாயிற்று. ஏட்டுச் சட்டத்தால் முடியாததை அமைப்பாய்த் திரண்ட உழைப்பாளர் சாதித்தனர். 2019இல் சர்வதேசத் தொழில் தாபனம் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயமும், முறையிட்டவரையும் சாட்சிகளையும் பழிவாங்கலிலிருந்து காக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது.

இதற்கெல்லாம் எதிராக இரண்டு வாதங்கள் எழுப்பப்படுகின்றன. 'பொய் முறைப்பாடு வந்தால் ஓர் அப்பாவியின் வாழ்வு அழியாதா?' என்பது ஒன்று. நாம் விசாரணையின்றித் தண்டிக்கச் சொல்லவில்லை. விசாரணை முடியும் வரை, அதிகாரம் உடையவர் அவ்வதிகாரத்தைப் பயன்படுத்த முடியாத இடத்தில் இருக்கட்டும் என்றே சொல்கிறோம். அது தீர்ப்பன்று; சாட்சிகளுக்குப் பாதுகாப்பு. விரைவான, நேர்மையான விசாரணையால் முதலில் நன்மை பெறுபவர் குற்றமற்றவரே.

'பாடசாலையின் மானம் போய்விடும், ஊரின் மானம் போய்விடும்' என்பது மற்றொன்று. இந்த மானத்தை நாம் முன்பே சந்தித்திருக்கிறோம். 1930ஆம் ஆண்டளவில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சம ஆசனம் என்றபோது பாடசாலைகள் சிலவற்றுக்குத் தீ வைத்தது இதே மானம். 1966 ஒக்டோபரில் சாதிக் கொடுமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோது 'ஊர் ஒற்றுமையைக் குலைக்கிறார்கள்' என்று பழித்ததும் இதே மானம். அன்று அப்பிள்ளைகள் தாம் அமர்ந்த வாங்கிலிருந்து எழ மறுத்ததால்தான் அவ்வாங்கு எல்லோருக்கும் சொந்தமாயிற்று. ஊர்தோறும் கண்ணகை அம்மனுக்குப் பொங்கும் சமூகம், கையில் சான்றோடு அரசவை ஏறி நீதி கேட்டவளையே வழிபடுகிறது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும். அப்பாண்டியன்கூட அவளுடைய நடத்தையை விசாரிக்கவில்லை; சான்றைத்தான் பார்த்தான்.

ஆகவே ஆசிரியர் சங்கங்களிடமும் மாணவரிடமும் நாம் வேண்டுவன இவை. முறையிட்டவர் தாமாக விரும்பிக் கேட்டாலன்றி, விசாரணை முடியும் வரை அவரை இடம் மாற்றவோ, இடைநிறுத்தவோ, அவருடைய கோவையில் பாதகமான குறிப்பு எழுதவோ கூடாது. முறைப்பாட்டின் பின் அத்தகைய நடவடிக்கை எடுக்கப்படுமாயின், அது பழிவாங்கல் அன்று என நிறுவும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் கீழ்ப் பணிபுரிவோர் விசாரணைக் குழுவில் இருத்தல் ஆகாது. வெளியிலிருந்து பெண்கள் இடம்பெற வேண்டும். விசாரணைக்குக் காலவரையறையும் வேண்டும். இருவரும் சங்க உறுப்பினராக இருப்பின், சந்தாவைக் காட்டிச் சங்கம் நடுநிலை பேசக்கூடாது. சம பலமில்லாத இருவருக்கிடையே நடுநிலை என்பது பலசாலிக்குச் செய்யும் உதவியே. சாட்சி சொல்ல முன்வரும் சக ஊழியருக்கும் இதே பாதுகாப்பு உரியது.

இவற்றுள் எதுவும் வானத்து வெள்ளியைப் பறித்துத் தரும்படி கேட்பதன்று. ஒரு பெண் தான் உழைக்கும் இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, மறுநாளும் அதே இடத்துக்கு வேலைக்கு வரவேண்டும், அவ்வளவே. அந்த உரிமையை அவளுக்கு ஈட்டிக் கொடுக்க இயலாத சங்கம் எதற்கு? அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காத கல்விதான் எதற்கு?