கடலே இல்லாத திருப்பூருக்கும் பாய்மரப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்? பனியன் நகரம் கவனிக்க வேண்டிய கணக்கு

2008 டிசம்பர். உலகத்தைச் சுற்றி வரும் வோல்வோ ஓஷன் ரேஸ் பாய்மரப் படகுகள் முதல் முறையாக இந்தியாவில் நின்றன. இடம், கொச்சி. ஸ்பெயினின் அலிகாண்டேயில் கிளம்பி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைத் தொட்டு வந்த 70 அடி நீளப் படகுகள் அவை.

திருப்பூரில் இருந்து பாலக்காடு கணவாய் வழியாகப் போனால் சில மணி நேரத்தில் கொச்சி. நம்ம ஊர் சரக்கு கப்பல் ஏறும் துறைமுகங்களில் அதுவும் ஒன்று. அந்தப் படகுகளை ஓட்டியது எஞ்சின் இல்லை, துணி. ஆனால் துணிக்குப் பேர் போன திருப்பூரின் வழக்கமான காட்டன் சரக்குக்கு அந்தப் படகில் பெரிய வேலை இல்லை. ஏன்? இந்தக் கேள்விக்கான பதில், ஏற்றுமதியை நம்பி இருக்கும் ஒவ்வொரு பனியன் கம்பெனிக்கும் முக்கியம்.

முதலில், இது என்ன பந்தயம்?

1973-ல் விட்பிரெட் ரேஸ் என்ற பெயரில் தொடங்கியது. பிறகு வோல்வோ ஓஷன் ரேஸ் ஆனது. இப்போது தி ஓஷன் ரேஸ். பல கட்டங்களாக, பல நாட்டுத் துறைமுகங்களில் நின்று நின்று உலகைச் சுற்றும் பந்தயம். படகு ஓடுவது காற்றில் மட்டும்தான்.

இதே வகையில் ஆஸ்திரேலியாவின் சிட்னி-ஹோபார்ட் பந்தயமும் பிரபலம். ஆண்டுதோறும் டிசம்பர் 26-ல் கிளம்பும், தூரம் 628 கடல் மைல். இது விளையாட்டான விஷயம் இல்லை. 1998-ல் வீசிய புயலில் 6 வீரர்கள் இறந்தார்கள். கிளம்பிய 115 படகுகளில் 44 மட்டுமே கரை சேர்ந்து பந்தயத்தை முடித்தன.

மோனோஹல் என்றால்?

ஒற்றை உடல் கொண்ட படகு. கட்டுமரம் மாதிரி இரண்டு மூன்று உடல்களை இணைத்த படகுகளும் உண்டு, அவை வேறு ரகம். மோனோஹல்லின் அடியில் கனமான எடை தொங்கும். தஞ்சாவூர் பொம்மையை நினைச்சுக்கோங்க. எந்தப் பக்கம் சாய்ச்சாலும் நிமிர்ந்து நிற்கும் இல்லையா? அதே தத்துவம்தான். காற்று பாயைத் தள்ளிச் சாய்க்கும், அடியில் இருக்கும் எடை நிமிர்த்தும்.

பாய்க்கு நம்ம துணி ஏன் ஆகாது?

பனியன் துணி நூலை வளையம் வளையமாகக் கோர்த்துப் பின்னுவது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். உடம்புக்கு அதுதான் சுகம். பாய்க்கு அதுதான் எதிரி. பாய் நீண்டால் அதன் வடிவம் கெடும், வடிவம் கெட்டால் வேகம் போச்சு.

ஒரு காலத்தில் பாய்களை பருத்தியிலும் சணல் வகை நார்களிலும் நெய்தார்கள். 1950-களில் இருந்து பாலியஸ்டர் அந்த இடத்தைப் பிடித்தது. இன்றைய பெரிய பந்தயப் படகுகளில் நெசவுகூடக் குறைவு. கார்பன், அராமிட் போன்ற இழைகளை, காற்றின் இழுவிசை எந்தத் திசையில் வருமோ அந்தத் திசையிலேயே பரப்பி, மெல்லிய படலங்களுக்கு நடுவில் ஒட்டி விடுகிறார்கள்.

அதனால் பாய் நமக்கு எட்டாத சரக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பாய்க்குக் கீழே மனிதர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் என்ன உடுத்துகிறார்கள்?

மூன்று அடுக்கு. வெளியே தண்ணீர் புகாத கோட். நடுவில் சூடு காக்கும் ஃபிளீஸ். தோலை ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய உள்ளாடை. உள்ளே இருக்கும் இந்த இரண்டுமே பெரும்பாலும் பின்னல் துணிதான்! அதாவது, நிட்டிங் மெஷினில் ஓடும் சரக்கு.

ஆனால் அது காட்டன் இல்லை. பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. காட்டன் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. திருப்பூர் வெயிலுக்கு அது வரம். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடல் குளிரில், நனைந்த காட்டன் உடம்புச் சூட்டை உறிஞ்சி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, பந்தய வீரர்கள் எத்தனை பேர்? அதை நம்பித் தொழில் செய்ய முடியுமா?

முடியாது. 2008-ல் ஒரு படகில் இருந்தது 11 பேர். இந்தச் சந்தை கைக்குள் அடங்கும். ஆனால் அதே துணியைத்தான் மலையேறுபவர், சைக்கிள் ஓட்டுபவர், ஜிம்முக்குப் போகிறவர், குளிர் நாட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர் என எல்லோரும் வாங்குகிறார்கள். உலக ஆடைச் சந்தையில் செயற்கை இழைதான் பெரும்பங்கு. திருப்பூரோ இன்னமும் முக்கியமாக காட்டன் ஊர். காட்டன் ஆர்டர் பெரும்பாலும் வெளிநாட்டுக் கோடை சீசனுக்கானது. குளிர்கால ஆர்டரைப் பிடிக்க செயற்கை இழை வேண்டும்.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டபோது என்ன நடந்தது என்று திருப்பூருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே நாடு, ஒரே ரகம் என்று சார்ந்து நிற்பதில் இருக்கும் ஆபத்து அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

அப்போ மாறிட வேண்டியதுதானே?

பாதித் தடை நீங்கியிருக்கிறது. செயற்கை இழைக்கு 18%, அதன் நூலுக்கு 12%, துணிக்கு 5% என்று ஜிஎஸ்டி தலைகீழாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இழைக்கும் நூலுக்கும்கூட 5% ஆனது. தொழில் துறையின் நீண்ட நாள் கோரிக்கை இது.

மீதித் தடை பட்டறைக்குள் இருக்கிறது. காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் சுமார் 60 டிகிரியில் ஏறிவிடும். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், அதுவும் அழுத்தத்தில் சுமார் 130 டிகிரி வேண்டும். அதைத் தாங்கும் மெஷின், கொதிகலன், அனுபவமுள்ள ஆள் எல்லாமே புதுச் செலவு. பெரிய ஏற்றுமதியாளர் தாங்குவார். ஜாப் வொர்க் செய்யும் சின்னப் பட்டறை கடன் இல்லாமல் இதில் இறங்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது

2017-18 பந்தயத்தில் சில படகுகள் கடல்நீரில் பிளாஸ்டிக் துகள்களை அளக்கும் கருவியோடு ஓடின. மனித நடமாட்டமே இல்லாத பாயிண்ட் நீமோ அருகிலும் துகள்கள் கிடைத்தன. நிலத்தில் இருந்து மிகத் தொலைவில் உள்ள கடற்புள்ளி அது. எந்தப் பக்கம் போனாலும் கரைக்குச் சுமார் 2,688 கி.மீ.

அந்தப் புள்ளியை 2025 ஜனவரி 30-ல் கடந்த இருவரில் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி. கேரளத்தின் தில்னாவுடன் 56 அடி நீள ஐஎன்எஸ்வி தாரிணியில், பாய்மரத்தை மட்டும் நம்பி உலகைச் சுற்றினார். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி, 2025 மே 29-ல் திரும்பினார்கள். பாயிண்ட் நீமோவில் ஆய்வுக்காகக் கடல்நீரும் சேகரித்தார்கள்.

பாலியஸ்டர் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நுண்ணிழைகள் உதிரும். அவை ஆறு வழியாகக் கடலுக்குப் போகும். நொய்யலைப் பார்த்த ஊருக்கு இது புரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரே வேலையில்லாமல் நின்றது. கழிவு விஷயத்தைத் தள்ளிப்போட்டதற்கு அன்று கொடுத்த விலை அது.

ஆக, திருப்பூர் என்ன செய்யலாம்?

காட்டனை விட்டு ஓட வேண்டியதில்லை. அதன் பக்கத்திலேயே செயற்கை இழையை வளர்க்கலாம். ஆனால் மூன்று விஷயம் சேர்ந்து வர வேண்டும். சின்னப் பட்டறைகள் கூட்டாகப் பயன்படுத்த உயர் வெப்பச் சாய வசதி, துணியின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகம், நுண்ணிழை வெளியேறாமல் பிடிக்கும் வடிகட்டி. முதல் இரண்டும் ஆர்டரைக் கொண்டு வரும். மூன்றாவது இல்லாவிட்டால் 2011 மறுபடியும் வரலாம்.