துணையாளர் கணக்கு

புற்றுநோய் சிகிச்சைக்கு ரயிலில் போகிற நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் கிடையாது. கூட வரும் துணையாளருக்கு நூற்றுக்கு 75 பங்கு தள்ளுபடி உண்டு. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத மாற்றுத்திறனாளி விஷயத்திலும் அப்படியே. அவருக்கு உள்ள சலுகை உடன் செல்பவருக்கும் உண்டு. நோயாளி என்றால் அருகில் இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் செலவு இருக்கிறது என்பதை ரயில்வே ஒப்புக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. ஆனால் இருவரும் வண்டியை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்ந்த பிறகு, அந்தத் துணையாளரின் பெயருக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.

மும்பைத் தமிழர் குடும்பங்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ இருந்துகொண்டு மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர், "அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். சொல்வதில் பொய்யில்லை. மருந்துக்கடை பாக்கி அவர் பணத்தில்தான் தீர்கிறது. ஆனால் பக்கவாதத்தில் விழுந்த தாயை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது யார்? படுக்கைப்புண் வராமல் முதுகைத் துடைத்துவிடுவதும், கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டுவதும், நடுச்சாமத்தில் எழுந்து துணி மாற்றுவதும் யார்? பெரும்பாலும் ஊரில் இருக்கும் தங்கை, அல்லது அண்ணி, அல்லது மணமாகாத அக்காள்.

அந்தத் தங்கை நெல்லைச் சீமையில் பீடி சுற்றுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். தாயார் விழுந்த அன்றே பீடித்தட்டு மூலைக்குப் போய்விடுகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றாத நாளுக்குக் காசு இல்லை. போவது கூலி மட்டுமா? பெயர் பதிந்து வேலை பார்ப்பவர் என்றால் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும் நின்றுபோகிறது. அந்தக் கணக்கிலிருந்து மாதப் பென்ஷன் வேண்டுமானால் பத்து வருஷ சர்வீஸ் இருக்க வேண்டும். எட்டாம் வருஷத்தில் கை ஓய்ந்து, மறுபடி அந்த வேலைக்குத் திரும்ப முடியாமல் போனவருக்கு அந்தப் பென்ஷன் இல்லை. அண்ணன் அனுப்பும் பணத்தில் இந்த நஷ்டத்துக்கு ஒரு பைசா சேர்த்தி கிடையாது. அதைப்பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியிருக்கவும் மாட்டார்கள்.

பேசாததற்குக் காரணம் கூச்சம். பெற்றவளுக்குச் செய்வதற்குக் கணக்குப் பார்ப்பதா என்று நாக்கு எழும்புவதில்லை. ஊரார் "புண்ணியவதி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். புண்ணியவதியோ ஒரு கல்யாணத்துக்குப் போக வழியில்லை. தன் முழங்கால் வலிக்கு டாக்டரிடம் காட்டப் பஸ் ஏற வழியில்லை. தூக்கமில்லாத எரிச்சலில் தாயிடம் ஒரு வார்த்தை கடுமையாக விழுந்துவிட்டால், அன்று முழுவதும் அடுப்படியில் தானே அழுதுகொண்டிருக்கிறார். போனில் அண்ணன் கேட்பது, "அம்மா சாப்பிட்டாளா?" என்பதுதான். "நீ தூங்கினாயா?" என்று கேட்பதில்லை.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 41 பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலை செய்கிறார்கள். ஆண்களில் 21 பேர். பிள்ளை வளர்ப்பும் இதில் அடக்கம். கணக்கு எடுத்தார்கள், அந்த வேலைக்கு விலை வைக்கத்தான் ஆளில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். கூட இருந்து பார்க்கும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் என்ன தரவேண்டும் என்று அதில் இல்லை. 70 வயது தாண்டியோருக்கு 2024 அக்டோபரில் வந்த காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்கு. வீட்டுக் கட்டிலில் கிடக்கும் மாதங்களுக்கு அல்ல. மத்திய அரசின் பெண் ஊழியர், பிள்ளைகளைக் கவனிக்க 730 நாள் விடுப்பு எடுக்கலாம். பெற்றோரைக் கவனிக்க அப்படித் தனி விடுப்பு கிடையாது. சொந்த ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆபீஸில் இருப்பவர் கதியே இதுவென்றால் கூலிக்காரர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கேரளம் படுத்த படுக்கையானவரைப் பார்ப்போருக்கு மாதம் 600 ரூபாய் என்று ஒரு திட்டம் வைத்தது. தொகை சிறிதுதான், ஆனாலும் பார்ப்பவர் பெயரில் வருகிற தொகை. தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சிகிச்சை தருகிறது. இது நல்ல காரியம். இதோடு பராமரிப்பவரின் வைப்பு நிதி சர்வீஸ் அறுந்துபோகாமல் அந்த வருஷங்களைச் சேர்த்துக்கொள்ளவும் மத்திய அரசு விதி செய்ய வேண்டும்.

அதுவரை, மும்பையில் இருக்கும் அண்ணன்மார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். அது தங்கை பெயரில் இருக்கட்டும். மருந்துச் செலவோடு அதைக் கலக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் 60 நாள் முன்பே டிக்கெட் எடுக்கிறார்கள். பத்து நாள் லீவில் நாலு நாளாவது தாயின் கட்டிலருகே தாமே உட்கார்ந்து, தங்கையை அந்த முழங்கால் டாக்டரிடம் அனுப்பி வைக்கட்டும்.