நடக்கிறவங்களை யார் எண்ணுவது? 'தி ஹியூமன் ஸ்கேல்' படம் கிளப்பும் கேள்வி

ஒரு மேம்பாலம் வருவதற்கு முன்னால் என்ன நடக்கும்? சந்திப்பில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கார், எத்தனை பைக், எத்தனை பஸ் போகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண் அறிக்கையாகும், அறிக்கை டெண்டராகும், டெண்டர் பாலமாகும். அதே சந்திப்பில் கையைக் காட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்து ஓடுகிறவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்கு யாரிடமாவது பதில் இருந்தால் அது அதிசயம்தான்.

இந்த ஒரு வித்தியாசத்தை மையமாக வைத்து எடுக்கப்பட்ட ஆவணப்படம்தான் 2012-ல் வெளியான 'தி ஹியூமன் ஸ்கேல்'. இயக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் டால்ஸ்கார்ட். கோபன்ஹேகன், நியூயார்க், மெல்போர்ன், டாக்கா, கிறைஸ்ட்சர்ச் என்று ஊர் ஊராகப் போகும் படத்தை இணைக்கும் நூல் ஒரே ஒருவர்: யான் கேல். கட்டடக் கலைஞர், நகரத் திட்டமிடுநர். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். வார இறுதியில் தாராளமாகப் பார்த்து முடித்துவிடலாம்.

யார் இந்த யான் கேல்?

1936-ல் பிறந்த கேல், 1960-ல் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். அந்தக் காலத்துப் பாடம் எளிமையானது. உயரமான கட்டடங்களைத் தள்ளித் தள்ளி வை, நடுவில் புல்வெளி போடு, சுற்றி அகலமான சாலை போடு. மேலிருந்து பார்த்தால் மாடல் ரொம்ப அழகாக இருக்கும். கீழே நின்று பார்த்தால் ஒரு மனுஷனும் இருக்க மாட்டான்.

அவர் மனைவி இங்க்ரிட் உளவியல் படித்தவர். 'உங்க ஆளுங்களுக்கு ஏன் மனுஷங்க மேல அக்கறையே இல்ல?' என்கிற ரீதியில் அவரும் அவருடைய நண்பர்களும் கேட்ட கேள்விதான் கேலின் பாதையைத் திருப்பியது. 1965-ல் இருவரும் இத்தாலிக்குப் போனார்கள். சதுக்கங்களில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று குறித்தார்கள். கேட்டால் வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை மாதிரி இருக்கும். அதுதான் பிறகு ஒரு துறையாகவே வளர்ந்தது. 1971-ல் டேனிஷ் மொழியில் வந்த அவருடைய முதல் புத்தகமே கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் வாழ்க்கையைப் பற்றியது.

கையருகே ஒரு சோதனைக்கூடமும் கிடைத்தது. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவில் 1962-ல் கார்களைச் சோதனை முறையில் நிறுத்தினார்கள். ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் நீளம். 'நாம இத்தாலிக்காரங்க இல்ல, இந்தக் குளிர்ல யார் தெருவுல உட்காருவாங்க?' என்பதுதான் எதிர்ப்பாளர்களின் வாதம். உட்கார்ந்தார்கள். கேல் அவர்களை எண்ணினார், வருஷக்கணக்கில். அந்த எண்கள் கையில் இருந்ததால்தான் அடுத்தடுத்த தெருக்களைத் திறக்க நகராட்சிக்குத் துணிச்சல் வந்தது.

நியூயார்க் கதை இன்னும் சுவாரஸ்யம். டைம்ஸ் சதுக்கத்தில் ஆட்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நடப்பவர்கள். இடத்தில் மிகப் பெரும்பகுதியோ வாகனங்களுக்கு. அன்றைய போக்குவரத்து ஆணையர் ஜேனட் சாதிக் கான், 2009-ல் அங்கே பிராட்வே சாலையை மூடினார். நிரந்தர இருக்கைகள் வரும்வரை காத்திருக்காமல், புல்வெளியில் போடும் மடக்கு நாற்காலிகளை வாங்கிப் போட்டார்கள். அவ்வளவுதான், ஜனம் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த வருஷமே அது நிரந்தரமானது.

படம் எங்கே சறுக்குகிறது?

படம் கேலை ரொம்பவே மரியாதையாக நடத்துகிறது. அவரை எதிர்த்து ஒருவராவது நன்றாக வாதாடியிருந்தால் படம் பலமாகியிருக்கும். நடக்க வசதியான தெருவில் வாடகை ஏறினால், அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர் எங்கே போவார்? மெல்போர்னின் சந்துகளில் காபி கடைகள் நிறைந்ததைக் காட்டும்போது எனக்கு இந்தக் கேள்விதான் ஓடியது. படம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

டாக்கா பகுதியில்தான் படம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. அங்கே பெரும்பான்மையானவர்கள் போவது நடந்தும் ரிக்‌ஷாவிலும். ஆனால், உலக வங்கி நிதியுதவி செய்த நகரப் போக்குவரத்துத் திட்டத்தின் கீழ், 2002 முதல் மிர்பூர் சாலையில் சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்குத் தடை வந்தது. காரணம், அவை போக்குவரத்தை மெதுவாக்குகின்றனவாம். யாருடைய போக்குவரத்தை? காரை மட்டும் எண்ணினால் ரிக்‌ஷா ஒரு தடங்கல். ஆளை எண்ணினால் ரிக்‌ஷாதான் போக்குவரத்து.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நாமும் எண்ணுகிறோம், இறந்த பிறகு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு துல்லியமாக அந்த எண் இருக்கிறது. உயிரோடு தினமும் உங்கள் தெருவில் நடக்கிறவர்களின் எண்?

கொள்கை இல்லாமல் இல்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் என்றது அது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அங்கே போனால் தெரியும், குழந்தையைக் கையில் பிடிக்காமல் நடக்கவிட முடிகிறது. சென்னையில் இது சின்ன விஷயமில்லை. அந்தத் தெருவை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால், அதற்கு ஆறு வருஷம் முன்பு, 2013-ல், பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைக்காரர்கள் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். கேலின் முறைப்படி ஒருவர் அங்கே நோட்டோடு உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? அவர் நடப்பவர்களை மட்டும் எண்ணுகிறவர் இல்லை. நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள், பேரம் பேசுகிறவர்கள், எல்லோரும் கணக்கில் வருவார்கள். தெருவுக்கு உயிர் இருக்கிறதா என்பதற்கு அவர் வைத்திருக்கும் அளவே அந்தத் தங்கும் நேரம்தான். நம்ம ஊரில் ஜனத்தைத் தெருவில் தங்க வைப்பது யார்? பூக்காரம்மா, ஹேர் கிளிப் விற்கிறவர், சுண்டல் வண்டி. கிரானைட் பெஞ்ச் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

கேலிடமிருந்து பெஞ்சை எடுத்துக்கொண்டோம், நோட்டை விட்டுவிட்டோம் என்பது என் கருத்து. பெஞ்சுக்கு டெண்டர் விடலாம், திறப்பு விழா நடத்தலாம். நோட்டுக்கு அதெல்லாம் கிடையாது. வருஷா வருஷம் வெயிலில் உட்கார்ந்து எண்ண வேண்டும். எண்ணிய பிறகு, நடைபாதையை மறைத்து நிற்கும் கார் முக்கியமா, இட்லிக் கடை முக்கியமா என்று வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டி வரும். நடைபாதையைக் கடைக்காரர்கள்தான் அடைக்கிறார்கள் என்று வாதாடுகிறவர்களும் சும்மா சொல்லவில்லை. வீல்சேரில் போகிறவருக்கு அந்த இடைஞ்சல் நிஜம். எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை அடி மிச்சம் வேண்டும் என்று தெரியாமல் இந்தச் சண்டையைத் தீர்க்கவே முடியாது.

எண்ணச் சொல்லி நம் நாட்டில் சட்டமே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது ஓர் ஊரின் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு முடிந்து, விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது எண்ணினார்கள், யார் யார் பெயர் அதில் இருக்கிறது? அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் இதைக் கேட்கலாம். நடக்கிறவர்களை எண்ணியிருக்கிறார்களா என்று சேர்த்தே கேளுங்கள்.