பால்வாடிக்கு காஸ்ட் யூனிட் என்ன?

பி.காம். படிப்பவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் என்றாலே கொட்டாவி வரும். எனக்கும்தான். ஆனால் ஆபரேட்டிங் காஸ்டிங் பாடத்தில் ஒரு விஷயம் மட்டும் மண்டையில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பஸ் கம்பெனி என்றால், ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக என்ன செலவு என்று பார்க்கணும். ஆஸ்பத்திரி என்றால், ஒரு நோயாளிக்கு ஒரு நாள் செலவு. செய்கிற வேலைக்கு முதலில் ஒரு அலகு வேண்டும். லாபமா, நட்டமா, வெட்டிச்செலவா என்பதெல்லாம் அப்புறம்.

சரி, நம்ம ஊர் பால்வாடிக்கு (அதாங்க, அங்கன்வாடி) அலகு என்ன?

அரசாங்கத்தைக் கேட்டால் வரும் பதில் இப்படித்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள். இத்தனை கோடி ஒதுக்கீடு. அதில் இத்தனை சதவிகிதம் செலவு. செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ். முடிந்தது கதை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதே பல்லவிதான். இதைப் போய் ஒரு பஸ் முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள். "டீசல் போட்டாச்சு சார், பில்லு இருக்கு" என்றால், "எத்தனை பேரை ஏத்துனே?" என்றுதான் கேட்பார்.

என்னைக் கேட்டால், பால்வாடியின் அலகு ஒரு 'குழந்தை-நாள்'. ஒரு குழந்தை வந்து, சாப்பிட்டு, அம்மா வேலை முடிந்து வரும்வரை பத்திரமாக இருந்தால் கணக்கில் ஒன்று. கீரமங்கலம் பக்கம் பூப்பறிக்கப் போகிற அம்மா விடியும் முன்பே கிளம்பிவிடுவார். பால்வாடி திறக்க அதற்கப்புறம் எவ்வளவோ நேரம் ஆகும். இடையில் குழந்தையைப் பார்ப்பது பாட்டியோ, பள்ளிக்கூடம் போகவேண்டிய அக்காவோ. அந்த நேரம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறுவதில்லை. மையம் மட்டும் 'இயங்குகிறது' என்று ஏறிவிடும்.

இந்தப் புத்தி டெல்லிக்கு இல்லாமல் இல்லை. 2005 பட்ஜெட் உரையிலேயே நிதியமைச்சர் ப.சிதம்பரம், ஒதுக்கீடு வேறு, விளைவு வேறு என்று எச்சரித்தார். அந்த வருடமே 'அவுட்கம் பட்ஜெட்' என்று ஒன்றும் வந்தது. (பக்கத்து சிவகங்கைக்காரர். 2009 முதல் நம்ம திருமயமும் ஆலங்குடியும் அந்த எம்.பி. தொகுதியில்தான்.) ஆனால் நடந்தது என்ன?

2006-07 முதல் 2010-11 வரை அங்கன்வாடித் திட்டம் நாடு முழுக்க எப்படி நடந்தது என்று சி.ஏ.ஜி. தணிக்கை செய்தது. சோதித்த மையங்களில் 26 சதவிகிதத்தில் குழந்தைகளை நிறுக்க வேலை செய்யும் எடை மெஷினே இல்லை. 52 சதவிகிதத்தில் கழிப்பறை இல்லை. தராசு இல்லாத கடைக்காரர் எடை எழுதிக் கொடுத்தால் நாம் நம்புவோமா?

இப்போதுதான் மெஷினும் போனும் கொடுத்துவிட்டார்களே என்பீர்கள். உண்மைதான். 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் செயலி வந்தது. 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகப்பதிவும் கட்டாயம் என்றார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். 2024-இல் டிராக்கரை வைத்து அரசு சொன்னது சுமார் 17 சதவிகிதம். சில வருட இடைவெளி, செயலியில் பதிவான குழந்தைகள் மட்டும் என்ற வித்தியாசங்களையெல்லாம் கழித்துவிடுவோம். அப்படியும் ஒரு சந்தேகம் பாக்கி. வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இரண்டு கணக்கிலும் 35 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கிறார்கள். உயரம் அசையவில்லை, எடைக்குறைவு மட்டும் பாதியாகிவிட்டதா? ஆடிட்டர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டாமா?

தமிழ்நாடு முன்னோடி மாநிலம் என்று மார்தட்டுகிறவர்களுக்கு இன்னொரு எண். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் ரத்தசோகை உள்ள குழந்தைகள் இங்கே 2015-16-இல் 50.7 சதவிகிதம். 2019-21-இல் 57.4. பணம் செலவானதா? ஆனது. சான்றிதழ் போனதா? போனது. குழந்தை உடம்பில் ரத்தம் ஏறியதா?

"பாவம் டீச்சர், அவங்க தலையில இன்னொரு ரிஜிஸ்டரா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், அளக்க வேண்டியது டீச்சரையோ ஆயாம்மாவையோ இல்லை. அவர்களுக்குப் பணமும் பொருளும் அனுப்புகிறவர்களை. ஒரு குழந்தையின் ஒரு நாள் கூடுதல் சத்துணவுக்கு மத்திய அரசு வைத்த அளவு 2012-இல் 6 ரூபாய், 2017-இல் 8 ரூபாய். 2025 பட்ஜெட்டில்தான் 'தகுந்தபடி உயர்த்துவோம்' என்றார்கள். (இங்கே முட்டை போடுவது மாநில அரசு. அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம்.) 8 ரூபாய்க்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ கிடைக்குமா? ஒரு குழந்தை-நாளுக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று ஊருக்கு ஊர் கணக்கு இருந்திருந்தால், அந்த 8 ரூபாயை இத்தனை வருடம் அப்படியே தூங்க விட்டிருக்க முடியுமா? சரியான அளவு இருந்தால் அது டீச்சருக்குத்தான் முதல் சாட்சி.

முடியாத காரியமும் இல்லை. 1980-இல் உலக வங்கி உதவியோடு இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். எண்ணைப் பார்த்தார்கள், அதை வைத்து அந்தக் குழந்தைக்கு ஏதாவது செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1995 முதல் வருடாவருடம் ஒரு அறிக்கை வருகிறது. குழந்தைப் பராமரிப்பு உட்பட அரசு சேவைகளை மாநிலத்துக்கு மாநிலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்குப் போய்ச் சேர்ந்தது, என்ன செலவு, என்ன பலன் என்று போட்டுவிடுகிறார்கள்.

நமக்கு அவ்வளவு கூட வேண்டாம். பால்வாடிச் சுவரில் நாலே நாலு வரி. போன மாதம் எத்தனை நாள் முழு நேரமும் திறந்திருந்தது. எத்தனை குழந்தை-நாள் சாப்பாடு போட்டது. எத்தனை குழந்தைகளுக்கு எடை ஏறவில்லை. பணமும் பொருளும் எந்தத் தேதியில் வந்து சேர்ந்தன. நாலாவது வரிதான் முக்கியம், அது அரசாங்கத்தின் மார்க். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு உள்ளாட்சிகள் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. புதிதாகச் சட்டம் போட வேண்டியதில்லை. 2022 முதல் வருடத்துக்கு ஆறு கிராம சபை. நம்ம மாவட்டத்தின் எல்லா ஊராட்சிகளிலும் இந்த நாலு வரியைப் படித்தால் போதும்.

யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள். 90-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் கற்று சைக்கிளும் கற்ற பெண்களின் மாவட்டம் இது. அன்றைக்குப் படித்தவர்கள் இன்றைக்குப் பாட்டிகள். பேரப்பிள்ளையின் எடை சுவரில் இருந்தால் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார்கள்.

அடுத்த கிராம சபைக்கு ஊரில் இருந்தால் போங்கள். எத்தனை லட்சம் வந்தது என்று கேட்காதீர்கள். எத்தனை குழந்தை-நாள் என்று கேளுங்கள். பதில் வராது. மினிட்ஸ் புத்தகத்தில் கேள்வியையாவது எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.

டிஸ்கி: இந்தக் கேள்வி செமஸ்டரில் வராது. நம்பிப் படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம் :-)