அசரீரிக்கு மலை தடையா?

நத்தம் வட்டாரத்தில் திருவிழாக் காலங்களில் காலட்சேபம் செய்ய வரும் பண்டிதர்கள், ரேடியோ ஒன்றும் புதிதல்லவென்றும், கம்சன் காதில் விழுந்த அசரீரியே ரேடியோதானென்றும் பேசுவது வாடிக்கையாகிவிட்டது. ஜனங்களும் கை தட்டுகின்றார்கள். இப்பேச்சின் யோக்கியதையைச் சற்று கவனிப்போம்.

அசரீரி என்றால் சரீரமில்லாத குரல். ரேடியோவுக்கோ அடி முதல் நுனி வரை சரீரமே. கொடைக்கானல் நிலையத்தில் ஒருவர் பேசினால், மைக்கானது அக்குரலை மின்சாரத் துடிப்பாக மாற்றுகின்றது. அந்நிலையத்தின் அலை வினாடிக்கு 10 கோடியே 5 லட்சம் தடவை அதிர்வது. குரலுக்குத் தக்கபடி அந்த எண்ணிக்கையைச் சிறிது கூட்டிக் குறைப்பதுதான் அலை மேல் பேச்சை ஏற்றுவதென்பது. வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும் அவ்வலை நம் வீட்டு ஏரியலில் பட்டதும் கம்பியில் நுண்ணிய மின்சாரம் உண்டாகின்றது. எத்தனையோ நிலையங்களின் அலைகள் அதே கம்பியில் மோதினாலும், கம்பிச் சுருளும் கண்டென்சரும் சேர்ந்து நாம் திருகி வைத்த அலையை மாத்திரம் பொறுக்குகின்றன. பிறகு அதிலிருந்து குரலைப் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கரை அதிரச் செய்கின்றது பெட்டி. இதில் மந்திரம் எந்த இடத்தில் இருக்கின்றது?

கொடைக்கானலுக்கும் நத்தத்திற்கும் நடுவே சிறுமலை நிற்கின்றதல்லவா? சுமார் 3 மீட்டர் நீளமுள்ள இவ்வகை அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதாகையால், மலை மறைவில் விழுந்த வீட்டில் பெட்டி கரகரக்கும். ஒரு பையன் ஏரியலை மூங்கிலில் உயரக் கட்டினால் குரல் தெளியும். சர்வ வல்லமையுள்ள ஆகாயக் குரலை ஒரு மலை மறிப்பதும், மூங்கிற்கழி மீட்பதும் எந்தப் புராணத்தில் உள்ளது?

ரிஷிகளுக்குத் தெரியுமென்றால், 1888-ல் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் பரிசோதித்துக் காட்டும் வரை ஏன் வாய் திறக்கவில்லை? 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவருக்கு அப்பாலிருந்த மணியை அலையால் அடிக்கச் செய்தது கருவியைக் கொண்டேயன்றி ஹோமம் வளர்த்தல்ல. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் துவக்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், பணமில்லாமல் 1927-ல் ஒலிபரப்பை நிறுத்திற்று. அப்போதும் எந்த ரிஷியும் உதவிக்கு வரவில்லை!

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். கேட்பவன் என்ன ஜாதியென்று ரேடியோ கேட்பதில்லை. இரண்டும் ஒரே மூளையில் பிறந்தவையென்று நம்பச் சொல்லுகின்றார்கள்!

அடுத்த காலட்சேபத்தில் தோழர்கள் ஒன்று கேட்க வேண்டும்: கம்சன் கேட்ட அசரீரி எத்தனை மெகாஹெர்ட்ஸ்? பதில் கிடைத்தால் நமக்கு எழுதி அனுப்புங்கள். பண்டிதர் பெயரோடு பிரசுரிக்கின்றோம்.