உட்கார ஓர் இடம்



சென்ற வாரம் சென்னைக்குப் போயிருந்தபோது, மேற்கு மாம்பலத்தில் நம் சபையின் மூத்த தாயார் ஒருவரைச் சந்தித்தேன். நெடுங்காலம் கண்டரமாணிக்கத்தில் வாழ்ந்தவர். கணவர் மறைந்தபின் மகனோடு போய்விட்டார். ஒரே படுக்கையறை கொண்ட வீடு. மகனுடைய சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி வாடகைக்கே போய்விடுகிறது. மாலையில் பேரப்பிள்ளைகள் கூடத்தில் படிக்க அமர்ந்துவிட்டால், அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். "சோற்றுக்குக் குறைவில்லை ஐயா, உட்காரத்தான் இடமில்லை" என்றார்.

விலைவாசியைப் பற்றிப் பேசும்போது அரிசி, பால், பள்ளிக் கட்டணம், வாடகை ஆகியவற்றையே கணக்கிடுகிறோம். காசு கொடுக்காமல் ஒரு மணி நேரம் உட்காரும் இடத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சிறிய வீட்டில் வாழ்கிறவனுக்குப் பூங்காதான் இன்னோர் அறை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் தியாகராய நகரை வகுத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் போலும். நடுவில் பனகல் பூங்காவுக்கு இடம் விட்டு, அதைச் சுற்றிச் சாலைகளை அமைத்தார்கள். ஆனால் மேற்கு மாம்பலத்திலிருந்து அங்கே போக இரயில் பாதையையும் ரங்கநாதன் தெரு நெரிசலையும் கடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்கு அது இயலாது.

2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. அழகான பூங்காதான். திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். கணவன், மனைவி, இரு பிள்ளைகள் போனால் 300 ரூபாய். கண்ணாடி மாளிகைக்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கும் கட்டணம் வாங்கட்டும். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. மர நிழலில் உள்ள பலகைக்குமா விலை?

சகரியா தீர்க்கதரிசியின் எட்டாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பிய மக்கள் பாழடைந்த எருசலேமில் நிற்கிறார்கள். நகரம் மீண்டும் வாழும் என்பதற்குக் கர்த்தர் அங்கே காட்டும் அடையாளம் மதிலுமல்ல, கருவூலமுமல்ல. கையில் கோலோடு வீதிகளில் அமர்ந்திருக்கும் முதியவர்களும், அவர்கள் நடுவே விளையாடும் பிள்ளைகளுமே.

செட்டிநாட்டில் பூங்கா என்ற சொல் புழங்குவதற்கு முன்பே அந்தக் காட்சி இருந்தது. வீட்டு முகப்பின் திண்ணை வழிப்போக்கனுக்கும் உரியது. ஊருணிக்கரையின் படிக்கட்டும் அரசமரத்தடியும் அப்படியே. கொண்டுவிற்கக் கடல் கடந்து போனவர்கள், திரும்பிவந்து வீடு கட்டியதோடு நிற்காமல் ஊருக்கு நீரும் நிழலும் வைத்தார்கள். இன்று பல திண்ணைகளுக்கு இரும்புக் கம்பி அடைப்பு வந்துவிட்டது. ஆளில்லாத பெரிய வீட்டுக்குக் காவல் தேவை என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

குறை சொல்ல வேண்டியது நம்மைத்தான். நம் ஆலய வளாகத்தில் இரண்டு வேப்பமரங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழ் சிமெண்டுப் பலகைகளும் போட்டிருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாயிலைப் பூட்டிவிட்டால் அடுத்த ஞாயிறுதான் திறக்கிறோம். வாலிபர்கள் கூடுகிறார்கள், குப்பை போடுகிறார்கள் என்று அந்தத் தீர்மானத்தை எழுதியபோது நானும் கையெழுத்திட்டேன். யாரிடமும் கேட்காமல் முதலில் ஒப்பமிட்டவன் நானே.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், தினமும் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை வாயிலைத் திறந்து வைக்கும்படி கேட்கப்போகிறேன். சபையார் மட்டுமல்ல, ஊரார் யாரும் வரலாம். குப்பையைக் கூட்டும் பொறுப்பை முதல் மாதம் நான் ஏற்கிறேன். துடைப்பம் பிடிக்க விருப்பமுள்ளவர்கள் உடன் வாருங்கள். மாம்பலத்துத் தாயார் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.